டயலில் இருக்கும் இரண்டாவது பெயர்

பழைய கடிகாரங்களைச் சேர்ப்பவர்களில் பெரும்பாலோர் தயாரிப்பாளரின் பெயரைப் பார்த்தே வாங்குகிறார்கள். ஒமேகா, லாஞ்சின்ஸ், ரோலெக்ஸ் என்று டயலின் மேற்பாதியில் இருக்கும் பெயர்தான் அவர்களுக்கு முதன்மையானது. நான் தேடுவது அதற்குக் கீழே, பல வேளைகளில் ஆறு மணிக் குறிக்குச் சற்று மேலே, சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் இன்னொரு பெயரை. அது அந்தக் கடிகாரத்தை விற்ற கடையின் பெயர். சில கடிகாரங்களில் தயாரிப்பாளரின் பெயர் வெளியே எங்கும் இருக்காது; கடையின் பெயரும் ஊரின் பெயரும் மட்டுமே டயலில் இருக்கும். கடிகாரம் எங்கே பிறந்தது என்பதைத் தயாரிப்பாளரின் பெயர் சொல்லிவிடுகிறது. அது எந்த ஊரில், எத்தகைய மனிதர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்லக்கூடியது கடையின் பெயர் ஒன்றுதான். அந்த ஒரு காரணத்திற்காகவே இவற்றைச் சேர்க்கிறேன். விலைக்காக இவற்றைத் தேடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் சில உண்டு. அவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

கடைக்காரர் தம் பெயரை இன்னொருவர் செய்த பொருளின் முகத்தில் இட்டுக்கொள்வது இன்றைய வாசகருக்கு விந்தையாகத் தோன்றலாம். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முதல் கால் பகுதியிலும் அதுவே இயல்பான நிலை. கடிகாரம் வாங்க வந்தவருக்கு ஸ்விட்சர்லாந்தின் எந்தப் பள்ளத்தாக்கில் அது செய்யப்பட்டது என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. மாதச் சம்பளத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும் ஒரு பொருள் ஓடாமல் நின்றுபோனால் யாரிடம் போய்க் கேட்பது என்பதே அவருடைய கவலை. அதற்கு விடை கடைத்தெருவில், கண்ணெதிரே இருந்தது. இங்கிலாந்தில் செய்யப்பட்ட சட்டைப்பைக் கடிகாரங்களைப் பார்த்தால் இது தெளிவாக விளங்கும். லங்காஷயரின் பிரெஸ்காட்டில் இயந்திரத்தின் அடிப்படை உறுப்புகள் உருவாகும். லண்டனின் கிளார்க்கன்வெல்லிலோ காவென்ட்ரியிலோ அவை முழுமை பெறும். முடிவில் டயலில் ஏறுவதோ எங்கோ ஒரு சந்தை நகரத்துக் கடைக்காரரின் பெயர். அவர் ஒரு பற்சக்கரத்தைக்கூடத் தம் கையால் வெட்டியிருக்கமாட்டார். ஆனாலும் அந்தப் பெயர் பொய்யன்று. இந்தப் பொருளுக்கு நான் பொறுப்பு என்று அவர் தம் ஊராருக்கு எழுதிக் கொடுத்த உறுதிமொழி அது.

இந்த நிலையை மாற்றப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் ரோலெக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப். அவர் லண்டனில் இருந்தபோது 1908இல் ரோலெக்ஸ் என்ற பெயரைப் பதிவு செய்தார். ஆனால் பிரிட்டிஷ் கடைக்காரர்கள் தங்கள் பெயரே டயலில் இருக்க வேண்டும் என்றார்கள். ஆறு கடிகாரங்கள் கொண்ட பெட்டியில் முதலில் ஒன்றில் மட்டும் ரோலெக்ஸ் என்று அச்சிட்டு அனுப்பி, பிறகு அந்த எண்ணிக்கையைச் சிறிது சிறிதாகக் கூட்டி, 1920களின் பிற்பகுதியில்தான் எல்லாக் கடிகாரங்களிலும் அந்தப் பெயரைக் கொண்டுவர முடிந்தது என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆகவே 1910களில் பிரிட்டனில் விற்ற கடிகாரம் ஒன்றின் டயலில் கடைப் பெயர் மட்டும் இருந்து, பின்மூடியைத் திறந்தால் உள்ளே ரோலெக்ஸின் முன்னோடியான வில்ஸ்டார்ஃப் அண்ட் டேவிஸ் நிறுவனத்தைக் குறிக்கும் 'டபிள்யூ அண்ட் டி' என்ற முத்திரை தென்படுவது உண்டு. இன்று உலகமே அறிந்த பெயர் உள்ளே ஒளிந்திருக்க, எல்லாரும் மறந்துவிட்ட கடையின் பெயர் வெளியே நிற்கும் அத்தகைய கடிகாரங்களின்மேல் எனக்குத் தனிப் பற்று உண்டு.

அமெரிக்காவில் ஒரு கடையின் பெயர் எதிர்த்திசையில் பயணம் செய்தது. கிளீவ்லாந்து நகரில் நகைக்கடை நடத்திவந்தவர் வெப் சி. பால். 1891இல் ஒஹாயோ மாநிலத்தின் கிப்டன் என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. ஓட்டுநர் ஒருவரின் கடிகாரம் நான்கு நிமிடம் நின்று மீண்டும் ஓடியதுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. அதன்பின் ரயில்வேக் கடிகாரங்களைச் சோதிக்கும் தலைமைப் பொறுப்பு பாலிடம் வந்தது. ஹாமில்டன், வால்தம், எல்ஜின் போன்ற ஆலைகள் அவர் விதித்த தரத்தில் செய்துகொடுத்த கடிகாரங்களில் அவருடைய பெயர் ஏறியது. கடையின் பெயராகத் தொடங்கியது காலப்போக்கில் தனியொரு முத்திரைப் பெயராகவே நிலைபெற்றுவிட்டது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். என் சேகரிப்பின் நடுநாயகமாக நான் கருதுவது, மௌண்ட் ரோட்டில் இருந்த பி.ஆர் அண்ட் சன்ஸ் கடையின் பெயரைத் தாங்கிய சட்டைப்பைக் கடிகாரங்களை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பீட்டர் ஆர் என்பவரால் சென்னையில் வேரூன்றிய இந்நிறுவனம் கடிகாரங்களையும் நகைகளையும் வெள்ளிப் பாத்திரங்களையும் விற்றது. தெய்வ உருவங்கள் புடைத்து நிற்கும் 'சாமி' வேலைப்பாட்டு வெள்ளிப் பொருள்களால் அதன் பெயர் ஐரோப்பாவிலும் பரவியது. சென்னையின் இந்தோ-சராசனிக் கட்டடங்கள் பலவற்றை வடிவமைத்த ராபர்ட் சிஷோம்தான் அதன் மணிக்கூண்டுக் கட்டடத்தையும் 1870களில் வடிவமைத்தார். 2011இல் மெட்ரோ ரயில் பணிக்காக அவ்வளாகத்தின் பின்பகுதி இடிக்கப்பட்டபோது நகரத்தின் பழமையை நேசிப்பவர்கள் பலரும் வருந்தினார்கள். மணிக்கூண்டோடு கூடிய முன்கட்டடம் நிலைத்து நின்றது. அதை இன்றும் அண்ணா சாலையில் பார்க்கலாம். நிறுவனமும் இன்றுவரை கடிகாரம் விற்கிறது.

என்னிடம் இருக்கும் பி.ஆர் கடிகாரம் ஒன்றில் வெள்ளை எனாமல் டயல், ரோமானிய எண்கள், நீலமேற்றிய எஃகு முட்கள், ஆறு மணியிடத்தில் நொடிக்கான சிறு வட்டம். பன்னிரண்டுக்குக் கீழே வளைவாகக் கடையின் பெயர். அதற்குக் கீழே நேர்க்கோட்டில் மதராஸ். இயந்திரம் ஸ்விஸ் தயாரிப்பு என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம், ஆனால் செய்தவர் யார் என்று அதில் எழுதியிருக்கவில்லை. ஸ்விட்சர்லாந்தின் ஏதோ ஒரு பட்டறையில் பெயரில்லாமல் செய்யப்பட்டு, கப்பலேறி வந்து, சென்னையில் இருந்த ஒரு கடையின் பெயரால் மட்டுமே அறியப்பட்ட பொருள் இது. இதே கடை ரங்கூனிலும் கிளை வைத்திருந்ததால், மதராஸ், ரங்கூன் என்று இரண்டு ஊர்களையும் சேர்த்துப் பொறித்த பொருள்களும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து பர்மாவுக்குப் போய் வாழ்ந்தவர்களின் கதையை அறிந்த எவருக்கும் அந்த இரண்டு ஊர்ப் பெயர்கள் ஒரு டயலில் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்தால் நெஞ்சு அசையாமல் இராது.

மதராஸ் என்ற சொல்லுக்குக் கடிகார டயலில் இன்னொரு கனமும் இருந்தது. இந்திய ரயில்வேக்கள் பல்லாண்டுகள் மதராஸ் நேரத்தையே பொது நேரமாகக் கொண்டு ஓடின. சென்னை வான் ஆய்வகத்தின் நிலையைக் கொண்டு கணக்கிட்ட நேரம் அது. 1906 ஜனவரி 1 முதல் இந்திய சீர்நேரம் நடைமுறைக்கு வந்தபோது, அது மதராஸ் நேரத்தைவிட ஏறத்தாழ 9 நிமிடம் முன்னதாக இருந்தது. அதற்கு முந்தைய பி.ஆர் கடிகாரம் ஒன்றைக் கையில் எடுக்கும்போது, அதன் முட்கள் முதன்முதலாகக் காட்டிய நேரம் நாம் இன்று பயன்படுத்தும் நேரம் அன்று என்ற நினைவு எனக்கு எப்போதும் எழும். இதைப் போன்ற செய்திகளை இயந்திரத்தில் தாங்கிகளாகப் பதித்த கற்களின் எண்ணிக்கையோ, கடிகாரத்தின் வெளிக்கூடான கேஸின் எடையோ எனக்குத் தந்ததில்லை. கடையின் பெயரைப் பிடித்துக்கொண்டு ஊரின் வரலாற்றுக்குள் இறங்கியதால்தான் இவை கிடைத்தன.

இந்தியாவில் பெயர் பொறித்த பிற கடைகளும் பல. கல்கத்தாவின் குக் அண்ட் கெல்வி, ஹாமில்டன் அண்ட் கோ, பம்பாயின் லண்ட் அண்ட் பிளாக்லி ஆகியவற்றின் பெயர்களைச் சட்டைப்பைக் கடிகாரங்களில் அவ்வப்போது காணலாம். பம்பாய் ராஜாபாய் கோபுரத்தின் மணிக்கடிகாரம் லண்ட் அண்ட் பிளாக்லி செய்ததுதான். இவற்றுள் மிகப் பரவலாகக் கிடைப்பது வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி. 1886இல் தொடங்கிய அந்நிறுவனம், லண்டனின் நாகரிகமான கடைவீதிப் பகுதியின் பெயரைச் சூட்டிக்கொண்டு, ஸ்விட்சர்லாந்தின் செயின்ட் இமியே ஊரிலிருந்து கடிகாரங்களைத் தருவித்து, பம்பாய், கல்கத்தா என்ற இரண்டு ஊர்களையும் டயலில் போட்டு விற்றது. சோவார், செகுண்டஸ் ஆகிய வகைகள் தாத்தா காலத்துப் பெட்டிகளிலிருந்து இன்றும் வெளிவருகின்றன. பின்மூடியில் ரயில்வே நிறுவனத்தின் எழுத்துகளும் வரிசை எண்ணும் செதுக்கியவை கிடைத்தால் விடக்கூடாது. விற்ற கடை முன்பக்கத்திலும் பயன்படுத்திய நிறுவனம் பின்பக்கத்திலும் பதிந்திருப்பதால், அந்தக் கடிகாரத்தின் முழு வாழ்க்கையும் உங்கள் உள்ளங்கையில் இருக்கும்.

கடைப் பெயர் என்பது விற்பனைக்காக ஒட்டிய அடையாளம் மட்டுமே என்று வாதிடுபவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு நியூயார்க்கின் அபர்க்ரோம்பி அண்ட் ஃபிட்ச். இன்று அந்தப் பெயர் இளைஞர்களுக்கான ஆடைக்கடைகளைக் குறிக்கிறது. ஆனால் 1892இல் தொடங்கிய பழைய கடை, வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் மலையேற்றத்துக்கும் வேண்டிய கருவிகளை விற்ற இடம். கடலோரத்தில் மீன்பிடிக்கும் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓதத்தை, அதாவது கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கடிகாரம் வேண்டும் என்று அந்தக் கடை ஸ்விஸ் கடிகாரத் தயாரிப்பாளரான ஹாயர் நிறுவனத்திடம் கேட்டது. சந்திரனின் சுழற்சிப்படி ஓதம் ஏறுவதும் வடிவதும் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அந்தத் தள்ளுதலைப் பற்சக்கரங்களால் எப்படிக் கொண்டுவருவது என்ற கணக்கு எளிதாக இல்லை. அந்த நிறுவனத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவரும் அப்போது பள்ளி மாணவராக இருந்தவருமான ஜாக் ஹாயர் அதைத் தம் இயற்பியல் ஆசிரியரிடம் கொண்டுபோக, அவர்தான் கணக்கைத் தீர்த்துத் தந்தார். 1949இல் சோலுனார் என்ற கடிகாரமும், அதைத் தொடர்ந்து நிறுத்துக் கடிகார வசதியும் சேர்ந்த சீஃபேரரும் வந்தன. சீஃபேரரின் டயலில் ஓதத்தைக் காட்டும் வண்ணமிட்ட சிறு வட்டம் ஒன்று உண்டு. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அபர்க்ரோம்பி அண்ட் ஃபிட்ச் என்றே இருக்கும். ஹாயர் என்ற பெயரைப் பார்க்க வேண்டுமானால் பின்மூடியைத் திறக்க வேண்டும்.

இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் கடை இல்லாவிட்டால் அந்தக் கடிகாரமே உருவாகியிருக்காது. தன் வாசலுக்கு வருபவர் எத்தகையவர், அவருக்கு என்ன தேவை என்று அறிந்த கடைக்காரர் ஒருவர் கேட்டதால் பிறந்த இயந்திரம் அது. பழைய கடை நொடித்து 1977இல் மூடப்பட்டுவிட்டது. டயலில் அதன் பெயர் இருக்கும் ஒவ்வொரு சீஃபேரரும் அந்த உறவுக்குச் சான்றாக இருக்கிறது.

லத்தீன் அமெரிக்காவில் கிடைக்கும் பெயர்கள் வேறு வகை வரலாற்றைச் சொல்கின்றன. ஹவானாவில் 1882இல் தொடங்கிய குவெர்வோ இ சோப்ரினோஸ் கடை கரும்பும் புகையிலையும் கொணர்ந்த செல்வத்தால் செழித்தது. வெனிசுலாவின் தலைநகர் கராகஸில் இத்தாலியக் குடியேறிகள் இருவர் நடத்திய செர்பிகோ இ லாய்னோ, பெட்ரோலியப் பணம் நகரத்துக்குள் பாய்ந்த காலத்தில் ரோலெக்ஸையும் பட்டேக் ஃபிலிப்பையும் விற்றது. டயலில் பெயரை அச்சிட்டதோடு கேஸிலும் தன் முத்திரையை அடித்து வைக்கும் பழக்கம் அந்தக் கடைக்கு இருந்தது. போலியைக் கண்டறிய முனைபவருக்கு அந்த இரட்டை அடையாளம் பெரும் உதவி. செர்பிகோ இ லாய்னோவின் காலம் முடிந்துவிட்டபடியால் அதன் பெயர் கொண்ட டயல் இனி புதிதாகத் தோன்ற வழியில்லை; அல்லது, நேர்மையான வழியில் தோன்ற வழியில்லை.

விலையைப் பற்றிப் பேசாமல் இதை எழுத முடியாது. பல நகரங்களின் நேரத்தை ஒருங்கே காட்டும் பட்டேக் ஃபிலிப்பின் 2523 வகைக் கடிகாரம் ஒன்று, மிலான் நகரத்துக் கோபி கடையின் பெயரோடும் நீல எனாமல் டயலோடும் 2019 நவம்பரில் ஹாங்காங் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்தபோது சுமார் 7 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. பட்டேக் ஃபிலிப்புக்கும் நியூயார்க்கின் நகைக்கடையான டிஃபனிக்கும் இடையிலான உறவு 1851இல் தொடங்கியது. அந்த உறவின் 170ஆம் ஆண்டைக் குறிக்க 2021இல் டிஃபனியின் நீல நிற டயலோடு பட்டேக்கின் நாட்டிலஸ் வகையில் 170 கடிகாரங்கள் வெளியிடப்பட்டன. அவற்றில் ஒன்று அந்த டிசம்பரில் நியூயார்க் ஃபிலிப்ஸ் ஏலத்தில் 65 லட்சம் டாலரைத் தாண்டியது. அந்நாள் முதல் 'டிஃபனி' என்ற சொல் டயலில் இருந்தாலே விலை ஏறும் என்ற எண்ணம் சந்தை முழுவதும் பரவிவிட்டது. சாதாரண டயலை வாங்கி அதில் இரண்டு சொற்களைப் புதிதாக அச்சிட்டு விற்பவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள், இப்போது பெருகிவிட்டார்கள். நான் வருந்துவது ஏமாந்த பணத்துக்காக மட்டுமன்று. போலிப் பெயர் ஏற்றிய ஒவ்வொரு டயலும் ஓர் ஊரின் வரலாற்றில் நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதிவைக்கிறது.

ஆகவே ஆராய்ச்சியைக் கடிகாரத்திலிருந்து தொடங்காமல் கடையிலிருந்து தொடங்குவதே என் வழக்கம். அந்தக் கடை எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை அந்தப் பெயரில் இயங்கியது, அந்தத் தயாரிப்பாளரின் பொருள்களை விற்றதா, ஊரின் பெயரை டயலில் எப்படி எழுதியது என்பவற்றை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கடை மூடிய பின்னர் செய்யப்பட்ட கடிகாரத்தில் அதன் பெயர் இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. பழைய செய்தித்தாள் விளம்பரங்களும் நகர வழிகாட்டிப் புத்தகங்களும் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன. பி.ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகள் ஆண்டுதோறும் விளம்பரம் செய்தவை என்பதால், பழைய ஆங்கில நாளிதழ்களின் முதல் பக்கத்தைப் பொறுமையாகப் புரட்டினால் எந்தக் காலத்தில் எந்த வகைக் கடிகாரம் விற்றார்கள் என்பதை ஓரளவு கணிக்கலாம்.

அடுத்தது ஆவணம். லாஞ்சின்ஸ் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டு முதல் தன் பேரேடுகளைக் காத்துவருகிறது. இயந்திரத்தின் வரிசை எண்ணைக் கொடுத்துக் கேட்டால், அந்தக் கடிகாரம் எந்த நாளில் எந்த நாட்டு முகவருக்கு அனுப்பப்பட்டது என்று பதில் எழுதுவார்கள். இந்தியக் கடைகளின் பெயர் கொண்ட கடிகாரங்களுக்கு இது விலைமதிப்பற்ற உதவி. பட்டேக் ஃபிலிப் தரும் ஆவணச் சுருக்கத்தில் தயாரித்த நாளும் விற்ற நாளும் இருக்குமே தவிர, டயலில் இருக்கும் கடைப் பெயருக்கு அது பொதுவாகச் சான்று கூறாது. ரோலெக்ஸ் இத்தகைய ஆவணம் எதையும் தருவதில்லை. டிஃபனியின் பெயர் பல கடிகாரங்களில் தயாரிப்பாளரிடம் அச்சிடப்படாமல், நியூயார்க் வந்தபின் கடையின் ஏற்பாட்டில் ஏறியது என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. அங்கே துணைச் சான்றுகளையே நம்ப வேண்டியிருக்கிறது. அமெரிக்காவுக்கு இறக்குமதியான பட்டேக் இயந்திரங்களில் 'எச்ஓஎக்ஸ்' என்றும் ரோலெக்ஸில் 'ஆர்ஓடபிள்யூ' என்றும் மூன்றெழுத்து இறக்குமதிக் குறி இருப்பது வழக்கம். நியூயார்க் கடையின் பெயரைச் சுமக்கும் கடிகாரத்தில் அந்தக் குறி இருக்கவேண்டிய காலத்தில் இல்லாமல் இருந்தால் ஐயப்பட வேண்டும். பிரிட்டனில் 1907 முதல் வெளிநாட்டு வெள்ளி, தங்கக் கேஸ்களுக்கு இறக்குமதி முத்திரை இட்டார்கள். அந்த முத்திரையில் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் உண்டு என்பதால், லண்டன் கடைப் பெயர் கொண்ட கடிகாரத்தின் வயதை அதைக் கொண்டே நிறுவலாம்.

கடைசியாகத்தான் லென்ஸ். பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது கடைப் பெயரின் எழுத்துகள் தயாரிப்பாளரின் பெயரோடு ஒரே அளவு முதுமை அடைந்திருக்கின்றனவா என்பதை முதலில் கவனிப்பேன். மேலே இருக்கும் பெயர் மங்கி, ஓரங்கள் சற்றே தேய்ந்திருக்க, கீழே இருக்கும் பெயர் மட்டும் கருகருவென்று நின்றால் அது நேற்று வந்தது. நல்ல அச்சில் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். மை சற்றே மேடாகத் தெரியும். டயலின் மேற்பூச்சில் பழங்காலத்து நுண்வெடிப்பு இருந்து, எழுத்தின் மை அந்த வெடிப்புக்குள் இறங்கியிருந்தால், வெடிப்பு முதலில் வந்தது, பெயர் பின்னால் வந்தது என்று பொருள். இந்த ஒரு சோதனை எத்தனையோ முறை எனக்குத் தெளிவு தந்திருக்கிறது.

போலியைவிட நம் நாட்டில் பெரிய இழப்பு வேறொரு வகையில் நடக்கிறது. பழைய கடிகாரத்தைப் புதிதுபோல் ஆக்கித் தருகிறேன் என்று சொல்லி டயலைச் சுரண்டி மறுபடி வண்ணம் பூசி அச்சிடும் தொழில் பல ஊர்களில் நடக்கிறது. உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் அத்தகைய கடிகாரங்களை 'மும்பை ஸ்பெஷல்' என்று ஒதுக்கித் தள்ளுகிறார்கள். பளிச்சிடும் நீலமும் ஆரஞ்சும், தடித்த எழுத்தும், நிமிடக் கோடுகளோடு பொருந்தாத மணிக்குறிகளும் அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பூச்சில் முதலில் பலியாவது கடையின் பெயர்தான். அச்சிடுபவரிடம் புகழ்பெற்ற தயாரிப்பாளர் பெயர்களுக்கு அச்சு இருக்கும். மூடிப்போன ஒரு கடையின் பெயருக்கு அவர் எங்கே போவார்? தயாரிப்பாளரின் பெயர் புதிதாக மின்ன, ஊரும் கடையும் துடைத்தெறியப்பட்டுவிடும். பிழைப்புக்காக அந்த வேலையைச் செய்பவர்மேல் எனக்குக் கோபமில்லை. அப்படிப் பூசிய கடிகாரத்தைத்தான் அழகு என்று வாங்குபவர்கள், மங்கிய டயலை அப்படியே ஏற்றுக்கொள்ளப் பழக வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

எனாமல் டயல்களுக்கு வேறோர் ஆபத்து உண்டு, அதை அறிந்தவர்கள் குறைவு. எண்களும் கோடுகளும் சூளையில் சுட்டு எனாமலோடு ஒன்றிப்போனவை. எதைக்கொண்டு துடைத்தாலும் போகமாட்டா. ஆனால் கடையின் பெயர் பல டயல்களில் பிற்பாடு மேலே எழுதப்பட்டு, சுடப்படாமலே விடப்பட்டது. எண்கள் உறுதியாக இருப்பதைப் பார்த்து, பெயரும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒரு முறை துடைத்தால் போதும், நூறாண்டு தாங்கி வந்த பெயர் பஞ்சோடு வந்துவிடும். வெறும் வெள்ளையாகத் தெரியும் பழைய எனாமல் டயல்களைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எழுத்து இருந்த இடத்தின் பளபளப்பு சற்றே மாறியிருந்து, அழிந்த பெயரின் நிழலை வாசிக்க முடிவதுண்டு. அதனால் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, இயந்திரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெயிடுங்கள், டயலைக் கழற்றித் தனியே காகிதத்தில் மடித்து வையுங்கள், அதன்மேல் எந்தத் திரவமும் படக்கூடாது என்று சொல்லியே கொடுப்பேன். அனுபவமுள்ள வாட்ச் மெக்கானிக்குகள் இதைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை. பழைய டயலின் அருமை அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டில் தாத்தாவின் கடிகாரம் இருந்தால், அதை ஓட வைப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. டயலையும், பின்மூடியின் உட்புறத்தையும், இயந்திரத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறியதுபோல் நுண்ணிய எழுத்துகளும் எண்களும் இருக்கலாம். அவை அதைப் பழுதுபார்த்தவர்கள் தங்கள் நினைவுக்காக இட்ட குறிகள். சிலவற்றில் தேதியும் இருக்கும். அவற்றைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். அதைக் கட்டியிருந்தவர் யார், எந்த ஊரில் என்ன வேலை பார்த்தார், எந்தக் கடையில் வாங்கியதாகச் சொன்னார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, கடிகாரத்தோடு வையுங்கள். பழைய ரசீதோ உத்தரவாதச் சீட்டோ கிடைத்தால் அது கடிகாரத்துக்கு இணையான மதிப்புடையது. நானும் இப்போது அத்தகைய தாள்களையே அதிகம் தேடுகிறேன்: குறிப்பாக, பி.ஆர் அண்ட் சன்ஸின் ரங்கூன் கிளையில் கடிகாரம் வாங்கியவர்களுக்குக் கொடுத்த ரசீது ஏதேனும் உங்கள் வீட்டுப் பத்திரங்களுக்கிடையே இருந்தால், அதை விலைக்குக் கேட்கமாட்டேன். ஒரு முறை பார்த்துப் படியெடுத்துக்கொள்ள அனுமதித்தால் போதும்.